பஜெரோவா, பிராடோவா: உப்புக் காற்றில் முதிர்ந்த இரண்டு வாகனங்கள்

யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஏழு இருக்கை கொண்ட, நான்கு சில்லும் இழுக்கும் பழைய வாகனம் ஒன்று வேண்டியிருந்தது. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிவிட்டது என்றாலும், வரி சேர்ந்த பின் புதியவற்றின் விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே ஒரு மாதமாகத் தேடியதில் எஞ்சியவை இரண்டு. ஒன்று, பருத்தித்துறைப் பக்கம் கடலுக்கு அண்மையில் நின்ற 2007 ஆம் ஆண்டு ரொயோட்டா பிராடோ, 120 வரிசை, 3.0 லீற்றர் டீசல். மற்றையது, கண்டியில் ஓடி அண்மையில் வலிகாமத்துக்கு வந்த 2008 ஆம் ஆண்டு மிற்சுபிசி பஜெரோ, 3.2 லீற்றர் டீசல்.

பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கே போட்டியே இல்லை. யாழ்ப்பாணத்தில் பிராடோ என்றால் படலைக்கு வெளியே வந்து பார்ப்பார்கள். விற்கப் போனாலும் ஒரு கிழமைக்குள் காசாகிவிடும். பஜெரோவோ 1982 இல் தொடங்கி 2021 இல் உற்பத்தியே நின்றுபோன வாகனம். டக்கார் என்ற நெடுந்தூரப் பாலைவன வாகனப் பந்தயத்தில் 12 தடவை வென்றது என்று விற்பவர் பெருமையாகச் சொன்னார். எங்கள் ஒழுங்கைக்குள் எதிரே ஒரு ரக்டர் வந்தால் மதிலில் உரசாமல் பின்னுக்கு எடுக்க முடியுமா என்பதுதான் என் கவலையாக இருந்தது. அந்த விடயத்தில் இரண்டும் ஒரே அளவு சிரமம் தருபவை.

உண்மையான வேறுபாடு அடியில் இருக்கிறது. பிராடோவின் உடல், ஏணி போன்ற தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) ஒன்றின் மேல் ஏற்றிப் பூட்டப்பட்டது. பின்பக்கத்தில் இரு சில்லுகளையும் ஒரே அச்சு இணைக்கிறது. பஜெரோவில் 1999 இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்தே சேசிஸ் உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டதுபோல் இணைந்திருக்கிறது; நான்கு சில்லுகளும் தனித்தனியே ஏறி இறங்கும். இந்த வேறுபாட்டை மலைநாட்டில் ஓட்டுபவர் ஒரு விதமாகவும், ஏறத்தாழ நாற்புறமும் உப்பு நீர் சூழ்ந்த எங்கள் குடாநாட்டில் ஓட்டுபவர் வேறு விதமாகவும் மதிப்பிட வேண்டும். ஏனென்றால் இங்கே ஏறுவதற்கு மலை இல்லை. வாகனத்தைத் தின்பது கறள், அதாவது துரு.

எனவே இரண்டையும் கராச்சில் உயர்த்தி, சிறு சுத்தியலும் கைவிளக்கும் கொண்டு அரை நாள் அடியில் செலவிட்டோம். பிராடோவின் மேற்பூச்சு கண்ணாடிபோல் மின்னியது. ஆனால் பின் சில்லுகளுக்கு முன்னால், அச்சைத் தாங்கும் கைகள் சேசிஸில் பொருந்தும் இடத்தில், கறுப்புப் பூச்சு தடிப்பாக, அதுவும் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. சுத்தியலால் தட்டியபோது நல்ல இரும்பின் ஒலி வரவில்லை; இரண்டாவது தட்டில் பூச்சோடு சேர்ந்து இரும்பும் பொருக்காக விழுந்தது. கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவாமல் விட்டால், சேசிஸின் உட்குழிக்குள் ஈர மணல் தங்கி உள்ளிருந்தே அரித்துவிடும். 120 வரிசையை வாங்கப் போகும் எவரும் அந்த இடத்தைத் தட்டிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

பஜெரோ அதற்காகக் கறளே இல்லாத வாகனம் அல்ல. பின் சில்லுகளின் நேரைச் சரிசெய்யும் போல்டுகள், அவற்றைச் சுற்றியுள்ள ரப்பர் உறையான புஷ்ஷுக்குள் இறுகிப் போயிருந்தன. அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று எங்கள் மெக்கானிக் சொன்னார். எனினும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பகுதியும் தரையும் உறுதியாக இருந்தன. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: தனிச் சேசிஸ் என்றால் கறள் பிடித்த துண்டை வெட்டி ஒட்டித் தப்பலாம், ஆனால் உடலோடு ஒன்றான அமைப்பில் கறள் உள்ளே இறங்கிவிட்டால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது. அதனால், இதே பஜெரோ பருத்தித்துறையிலும் இதே பிராடோ கண்டியிலும் நின்றிருந்தால் என் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும்.

ஓட்டிப் பார்ப்பதற்குப் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறை வரை சென்று திரும்பினோம். நயினாதீவுக்குப் படகேறப் போகும் எங்கள் குடும்பத்துக்கு அதுதான் வழக்கமான பாதை. மேடுபள்ளங்களில் பிராடோ சற்றே குதித்தது, பின்னிருக்கையில் இருந்த அம்மாவுக்கு இடுப்பு நொந்தது. பஜெரோ அதே பள்ளங்களில் அமைதியாக இறங்கி ஏறியது. வடமராட்சி கிழக்கில், மணற்காட்டு மணலில், நிலை மாறியது. பிராடோவில் நான்கு சில்லுகளும் எப்போதும் இழுப்பதால் சாரதி ஒன்றும் செய்யாமலே அது போய்க்கொண்டிருந்தது. பஜெரோவில் முன்கூட்டியே நெம்புகோலை மாற்ற வேண்டும். நான் அசட்டையாகப் பின்சில்லு இழுப்பிலேயே இறக்கியதால் முதல் முப்பது அடியிலேயே புதைந்தது. பிறகு முன், பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிபரன்சலைப் பூட்டி, ரயர்க் காற்றையும் குறைத்தபோது பிரச்சினையின்றி வெளியே வந்தது. இழுக்கும் சில்லுகளை நெம்புகோலால் தெரிவு செய்யும் பஜெரோவின் சுப்பர் செலக்ட் அமைப்பில் எனக்குப் பிடித்தது, மழை நாளில் தார் வீதியிலும் நான்கு சில்லு இழுப்பைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்பதும், காய்ந்த கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதியில் அதை விட்டுவிட்டு இரண்டு சில்லில் ஓடலாம் என்பதும்தான். 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்று, பின்னர் கியூஆர் குறியீட்டு எரிபொருள் பங்கீட்டிலும் காலம் தள்ளியவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

இயந்திரங்களைப் பொறுத்தவரை இரண்டுமே நீண்ட காலம் உழைப்பவை, இரண்டுக்கும் அறியப்பட்ட குறைகளும் உண்டு. பிராடோவின் 1கேடி இயந்திரத்தில், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாசர் தேய்ந்து கசிந்தால், புகைக்கரி எண்ணெய்க்குள் கலந்து எண்ணெய் உறிஞ்சும் வடியை அடைத்துவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் இயந்திரமே போய்விடும். தவிர, அது குறித்த காலத்தில் மாற்ற வேண்டிய ரைமிங் பெல்ற்றில் ஓடுவது. மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும். பஜெரோவின் 4எம்41 இயந்திரம் செயினில் ஓடுகிறது. அதில் காலையில் முதல் உதைப்பின்போது, அதாவது இயந்திரத்தை இயக்கும்போது, முன்பக்கத்தில் கிலுகிலுப்புக் கேட்டால் செயினை இறுக்கும் உறுப்பு களைத்துவிட்டது என்று பொருள். நின்ற இடத்தில் இயந்திரம் ஏறி இறங்கித் தடுமாறினால், உயரழுத்தப் பம்பிலுள்ள உறிஞ்சு வால்வு அழுக்கு டீசலால் அடைபட்டிருக்கக் கூடும். ஆகவே விற்பவரிடம், நாங்கள் வரும்வரை வாகனத்தை உதைக்க வேண்டாம் என்று முதல்நாளே சொல்லிவிட்டு விடியற்காலையில் போவது நல்லது.

யாழ்ப்பாணத்து வாகனத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து விரலால் தடவுங்கள். எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால், கேத்தில் அடியில் படிவது போன்ற வெள்ளைப் படிவு அங்கே இருக்கும். பிராடோவில் அது இருந்தது. பஜெரோவில் பச்சை நிறக் குளிர்நீர் இருந்தது, மலைநாட்டு உரிமையாளருக்கு நன்றி.

உள்ளே, பஜெரோவின் மூன்றாம் வரிசை தரைக்குள் மடங்கி மறைந்துவிடுவதால் சாமான் ஏற்றுவது எளிது. ஆனால் அந்த இருக்கை மெல்லியது, பிள்ளைகளுக்கு மட்டுமே உகந்தது. பிராடோவின் பின்னிருக்கைகள் பக்கவாட்டில் மடிந்து நின்று இடத்தைப் பிடிக்கின்றன. இரண்டிலும் ஏறுவதற்கு அம்மாவுக்குப் பக்கப் படியும் ஒரு கைத்தாங்கலும் வேண்டியிருந்தது.

விலையில் பஜெரோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. உதிரிப்பாகம் என்று வந்தால் பிராடோவுக்கு நகரிலேயே பெரும்பாலானவை கிடைக்கின்றன. பஜெரோவுக்குச் சிலவற்றைக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் எடுப்பிக்க வேண்டும். திரும்ப விற்கும் எண்ணம் உள்ளவருக்கு, கறளில்லாத பிராடோ அகப்பட்டால் அதுவே சரி. நாங்கள் பத்து வருடமாவது வைத்திருக்கும் எண்ணத்தில் பஜெரோவை வாங்கினோம். மிஞ்சிய காசில் பின் புஷ்கள், இறுகிய போல்டுகள், நான்கு ரயர்கள் ஆகியன மாற்றப்பட்டுவிட்டன. அடிப்பக்கத்துக்கு மெழுகுப் பூச்சு அடிக்கும் வேலை மட்டும் மாரி தொடங்குவதற்குள் முடிக்க வேண்டியதாக இருக்கிறது.