ஃபோல்ட்ஸ்கோப் மதிப்பாய்வு: கடற்பஞ்சுக்கு நன்று, டிரைக்கோபிளாக்சுக்கு அரைகுறை

உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைக்கு ஃபோல்ட்ஸ்கோப் என்ற மடிப்புக் காகித நுணுக்குக்காட்டியை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டால், வெங்காயத் தோல் பார்க்கலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள். வெங்காயத் தோலை எந்த நுணுக்குக்காட்டியிலும் பார்க்கலாம். கொழும்பு போல வாசலிலேயே கடல் கிடக்கும் ஊரில், கடற்பஞ்சு, டிரைக்கோபிளாக்ஸ் போன்ற மிக எளிய உடலமைப்புள்ள கடல் விலங்குகளுக்கு இந்தக் காகிதக் கருவி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இங்கே கேள்வி.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் ஆய்வுகூடம் 2014இல் வெளிப்படுத்திய வடிவமைப்பு இது. கிழியாத தாளை மடித்துச் செய்யும் உடல், நடுவில் சுமார் 2.4 மி.மீ. விட்டமுள்ள ஒரு கண்ணாடிக் குண்டு. அந்தக் குண்டுதான் வில்லை. உருப்பெருக்கம் 140 மடங்கு, பிரித்துக்காட்டும் எல்லை ஏறத்தாழ 2 மைக்ரோன். வில்லைக்கும் பொருளுக்கும் இடையில் அரை மில்லிமீற்றர் அளவே இடைவெளி. பாவிக்கும்போது வரும் தொல்லைகளில் பாதிக்கு இந்த அரை மில்லிமீற்றரே காரணம். பொருளை ஏந்தும் கண்ணாடித் தகடான வழுக்கியைத் தலைகீழாகச் செருகினால் 1 மி.மீ. கண்ணாடி குறுக்கே வந்து, எவ்வளவு இழுத்தாலும் குவியம் கிடைக்காது. பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டு எப்போதும் வில்லைப் பக்கம் இருக்க வேண்டும். படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரம் மங்கலாகவும் தெரிவது பழுதல்ல, ஒற்றைக் குண்டு வில்லையின் இயல்பு.

இக்கருவி உண்மையில் மின்னுவது கடற்பஞ்சின் உடலைத் தாங்கும் நுண்ணிய முட்களில். கரையொதுங்கிக் காய்ந்த பஞ்சுத் துண்டே போதும்; உயிருள்ளதைப் பிடுங்க வேண்டாம், பவளத்தில் கை வைப்பது சட்டப்படியும் குற்றம். அரிசி அளவு துண்டை ஒரு சிறு போத்தலில் இட்டு, மூழ்கும்வரை வீட்டு வெளிற்றும் திரவம் ஊற்றுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இழையம் கரைந்து, அடியில் வெண்படிவு தங்கும். மேல்நீரை ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு, படிய விடுங்கள். இப்படி மூன்று தடவை. அவசரப்பட்டுக் கலக்கி ஊற்றினால் முட்களும் தண்ணீரோடு போய்விடும், வழுக்கியில் வெறும் தூசுதான் மிஞ்சும். கடைசிப் படிவில் ஒரு துளியை வழுக்கியில் காயவிட்டுப் பாருங்கள். காய்ந்த முள் ஈரத்தில் இருப்பதைவிட எடுப்பாகத் தெரியும், ஏனென்றால் சிலிக்காவின் முறிவுச்சுட்டி (ஒளியை வளைக்கும் அளவு) தண்ணீரோடு ஒப்பிடுகையில் காற்றிலிருந்தே அதிகம் வேறுபடுகிறது. ஊசி, கொக்கி, மூன்று கதிர் என்று வடிவங்கள் தெளிவாக விழும்.

இன்னொரு துளியில் வினாகிரி விட்டால் பஞ்சு எந்த வகை என்பதும் தெரியும்: குமிழிவிட்டுக் கரைந்தால் கல்சியம் காபனேற்று முள், அசையாமல் இருந்தால் சிலிக்கா. ஆனால் மூன்று கழுவலும் முடிந்த பிறகே வினாகிரி. வெளிற்றும் திரவம் மிச்சமிருந்தால் குளோரீன் வாயு வரும், மூடிய அறையில் அது விளையாட்டில்லை. முள்ளே கிடைக்காவிட்டால் உங்கள் முறை பிழைத்ததென்று அர்த்தமில்லை. குளியல் பஞ்சு இனங்களில் முட்கள் இல்லை. அவற்றின் சட்டகம் புரத நார், அதை வெளிற்றும் திரவம் தின்றுவிடும்.

கடற்பஞ்சில் இக்கருவி காட்டாதது கழுத்துப்பட்டிக் கலம். சவுக்குமுளையை (சாட்டை போன்ற இழையை) சுற்றி நுண்விரல்களாலான வளையம் கொண்ட இந்தக் கலம், விலங்குகளின் மிக நெருங்கிய ஒருகல உறவினரான கோனோஃபிளஜெல்லேற்றுகளை அப்படியே ஒத்திருக்கிறது. கூர்ப்புப் பாடத்தில் கடற்பஞ்சுக்குக் கிடைக்கும் மரியாதையில் பெரும்பங்கு இதனால்தான். அந்த நுண்விரல்கள் 2 மைக்ரோன் எல்லைக்கு வெகுதூரம் கீழே.  

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சபிக்கும் அய்ப்டேசியா என்ற கடல் அனிமனி இக்கருவிக்கு இலகுவான இரை. உணர்கொம்பின் நுனியை வெட்டி மூடித்துண்டால் மெல்ல அழுத்தினால், உள்ளே குடியிருக்கும் 10 மைக்ரோன் அளவான பழுப்பு அல்காக்கள் மணிமணியாகத் தெரியும்.

இனி டிரைக்கோபிளாக்ஸ். 1883இல் விலங்கியலாளர் ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்ஸ ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரு கடல்நீர்த் தொட்டிக் கண்ணாடியில் கண்டெடுத்த தட்டை விலங்கு. வாயில்லை, குடலில்லை, நரம்பில்லை, தசையுமில்லை. குறுக்களவு ஒரு மில்லிமீற்றர் அளவு, தடிப்பு 20 மைக்ரோன் சொச்சம், கல வகைகள் நான்குதான் என்பது பழைய கணக்கு. ஆனாலும் 2008இல் வெளியான மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 11,500 பரம்பரையலகுகள். அல்காவின் மேல் போய்ப் படுத்து, அடியில் நொதியம் விட்டு, வெளியிலேயே சமிபாட்டை முடிக்கும்.

தேடுவதற்கு ஃபோல்ட்ஸ்கோப் உதவாது. 140 மடங்கில் ஒரு வழுக்கியைத் துழாவுவது, சாவித் துவாரத்தால் காலிமுகத் திடலைத் தேடுவது போல. செட்டியார் தெரு நகைக்காரர்கள் பாவிக்கும் 10 மடங்கு லூப் (கைவில்லை) ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். கடல்நீர்த் தொட்டியில் வழுக்கிகளைச் செங்குத்தாக இரண்டு கிழமை தொங்கவிட்டால் மெல்லிய அல்காப் படலம் பிடிக்கும், வந்தால் அதில்தான் வரும். செப்பு மருந்து விட்ட தொட்டி வேண்டாம். மீனுக்கு நல்லது, முள்ளந்தண்டிலிகளுக்கு நஞ்சு. தொட்டிக்குக் கடல்நீர் எடுப்பவர்கள் வெள்ளவத்தைக் கால்வாய் வாயைத் தவிர்க்க வேண்டும், மழைக்குப் பிறகு அங்கே உவர்ப்பும் சுத்தமும் நம்பத்தக்கவையல்ல. ஆவியான அளவுக்கு நன்னீர் விடுங்கள், கடல்நீரல்ல.

லூப்பில் பக்கவாட்டு வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். தட்டைப்புழுவுக்கு முன்பின் உண்டு, திசைமாற உடலைத் திருப்பும். டிரைக்கோபிளாக்ஸ் திரும்பாமலே எந்தப் பக்கமும் நகரும், விளிம்பு ஓயாமல் உருமாறும். கண்டதும் மெல்லிய குழாயால் உறிஞ்சி, உடனே வெளியே விடுங்கள். தாமதித்தால் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புதிய வழுக்கியில் இரண்டு பக்கமும் ஒளிபுகும் பசைநாடாவை இரண்டு படை ஒட்டி, நடுவில் துளியோடு விலங்கை விட்டு, மூடித்துண்டு வையுங்கள். நாடா இல்லாமல் மூடினால் நசுங்கும். நடுவில் குழியுள்ள வழுக்கி பாவித்தால் விலங்கு குழியின் அடிக்குப் போய் அந்த அரை மில்லிமீற்றருக்கு அப்பால் நின்றுவிடும். ஓரத்தை வாஸ்லினால் அடைக்காவிட்டால் உவர்ப்பு ஏறி விளிம்பு சுருளத் தொடங்கும்.

தெரிவது: மாறும் விளிம்பு, பளபளக்கும் கொழுப்புக் கோளங்கள், வயிற்றுப்பக்கம் ஊரும்போது இழுபடும் அல்காத் துணுக்குகள். தெரியாதது: அதை நகர்த்தும் பிசிர்கள். அவற்றின் தடிப்பு கால் மைக்ரோன்தான். பிசிர் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பணத்தைச் சேமித்து, 40 மடங்குப் பொருள்வில்லையுள்ள சாதாரண மாணவர் நுணுக்குக்காட்டிக்குப் போங்கள். கடற்பஞ்சும் அய்ப்டேசியாவும் போதுமென்றால் தாராளமாக வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் சுங்கவரியையும் கணக்கில் சேருங்கள்.

ஃபோனில் ஒட்டும் காந்தம் படம் எடுக்க நன்றாகவே உதவுகிறது. உப்புநீர் பட்டால் அது துருப்பிடிக்கும், வழுக்கியின் அடியைத் துடைத்த பிறகே செருகுங்கள். வில்லையில் உப்புப் பொரிந்தால் உரசாமல், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள்.