நான் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டும்: வீட்டுக் கணினியில் லினக்ஸ் மின்ட்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸை வீட்டுக்குத் தேடுகிறவர்கள் எது அழகு, எது வேகம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்டது வேறு: நான் வீட்டில் இல்லாதபோது இது மற்றவர்களைத் தவிக்க விடுமா? வீடு காவேரிப்பட்டணத்தில், வேலை ஓசூர் சிப்காட்டில். காலையில் பஸ் ஏறினால் திரும்பும்போது இருட்டிவிடும். அதற்குள் மனைவி மகளிர் குழுக் கணக்கை முடிக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பு மகன் பைத்தான் பாடத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும், அம்மா யூடியூப்பில் முருகன் பாட்டு கேட்க வேண்டும். ஏதாவது நின்றுபோனால் ஷிப்ட் நேரத்தில் எனக்குப் போன் பண்ணிக் கேட்க முடியாது.

எங்களுடையது நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

ஒரே பென்டிரைவில் வென்டாய் என்ற பூட் மென்பொருளைப் போட்டு, லினக்ஸ் வகைகளான உபுண்டு, ஸோரின், மின்ட் மூன்றின் ஐஎஸ்ஓ கோப்புகளையும் (முழு இயங்குதளமும் அடங்கிய நிறுவல் கோப்பு) அப்படியே காப்பி செய்துகொண்டேன். கணினியை ஆன் செய்ததும் எது வேண்டும் என்று அதுவே பட்டியல் காட்டும். மூன்றையும் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்கள் இந்த வசதியை அவசியம் பயன்படுத்த வேண்டும். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா என்பதெல்லாம் இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

உபுண்டு 24.04 நல்ல அமைப்பு, ஆனால் 4 ஜிபியில் அதன் க்னோம் என்ற திரை அமைப்பு எங்களுக்குக் கனமாக இருந்தது. ஐகான் வரிசை இடப்பக்கம் செங்குத்தாக நிற்பதைப் பார்த்ததும் அம்மா, "ஏம்ப்பா, கீழ இருந்த பட்டையை எங்க வெச்ச?" என்றார். ஸோரின் பார்க்க மிக அழகு. 8 ஜிபி இருந்தால் நான் அதையே எடுத்திருப்பேன்.

மின்ட் 2006-லிருந்து வருகிறது, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டியது. சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று திரைத் தோற்றங்களில் கிடைக்கும். குறைந்தது 2 ஜிபி ராம், வசதியாக ஓட 4 ஜிபி என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. பழைய கணினிக்கு அவற்றில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். மெனு கீழே இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில். அம்மாவுக்கு நான் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

என் முடிவை உறுதிசெய்தது தமிழ்த் தட்டச்சு. மனைவி முன்பு டிடிபி சென்டரில் வேலை பார்த்தவர், விரல்கள் தமிழ்99 என்ற விசைப்பலகை முறைக்குப் பழகியவை. குழுவின் தீர்மானங்களைத் தமிழில்தான் அடிப்பார். விசைப்பலகை அமைப்பில் நேரடியாகவே ஒரு தமிழ்99 இருக்கிறது, ஆனால் அது எழுத்துகளை மட்டும் வைக்கும், புள்ளியை நாமே போட வேண்டும். அதை விட்டுவிட்டு மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99-ஐச் சேர்த்தேன். இப்போது 'கூட்டம்' அடிக்கும்போது ட-வை இரண்டு முறை தட்டினால் முதல் ட-வுக்குப் புள்ளி தானே விழுகிறது. 'பங்கு' அடிக்க ப, ங, க, உ என்று தட்டினால் போதும். விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸை அழுத்தினால் ஆங்கிலம், மறுபடி அழுத்தினால் தமிழ். ஒலிப்பு முறை, பழைய டைப்ரைட்டர் முறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாமே அதே பட்டியலில் இருக்கின்றன. பழைய வானவில், பாமினி கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவை மட்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சேமிப்பு, உள்கடன், வட்டி என்று மனைவி வைத்திருந்த எக்ஸெல் தாள்கள் அதற்கு ஈடான லிப்ரெஆபிஸ் கால்க்கில் சரியாகத் திறந்தன. ஒன்று மட்டும் செய்துவிடுங்கள்: சேமிக்கும் வடிவத்தை அமைப்புகளிலேயே எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் புதிதாகத் தொடங்கும் கோப்பு லிப்ரெஆபிஸின் ஓடிஎஸ் வடிவில் போய்ச் சேரும், அந்தப் பக்கம் வாங்குகிறவர் குழம்புவார். மகனுக்குப் பைத்தான் மின்ட்டிலேயே இருக்கிறது, பைத்தான் எழுதி ஓட்டும் ஐடில் நிரலை மட்டும் தனியாக நிறுவினோம்.

பிரிண்டர்தான் படுத்தியது. எங்களிடம் இருந்த பழைய லேசர் பிரிண்டர் கேப்ட் என்ற தனி டிரைவர் கேட்கும் வகை. அந்த வகை லினக்ஸில் செருகியதும் ஓடாது, ரொம்ப மெனக்கெட வேண்டும். நண்பர் வீட்டு எச்பி பிரிண்டரைக் கொண்டுவந்து மாட்டியதும் அதுவாகவே அடையாளம் கண்டு சோதனைப் பக்கம் அடித்தது, ஏனென்றால் எச்பி லினக்ஸுக்கான டிரைவரைத் திறமூலமாகவே (யாரும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்படி) தருகிறது. உங்கள் வீட்டில் பிரிண்டர் முக்கியம் என்றால் முதலில் அதைப் பரிசோதியுங்கள். டேலி, போட்டோஷாப் இல்லாமல் பிழைப்பு நடக்காது என்பவர்களும் விண்டோஸை முழுவதுமாக அழித்துவிட வேண்டாம்.

நான் ஓசூரில் நிம்மதியாக இருக்கக் காரணம் டைம்ஷிப்ட். சிஸ்டம் எந்த நிலையில் இருந்தது என்பதை அவ்வப்போது எடுத்து வைக்கும், அப்டேட்டில் ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். அதை மகனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஆனால் நம் போட்டோக்களையும் கணக்குத் தாள்களையும் அது வழக்கமாக எடுத்து வைக்காது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும், நாங்கள் வெளி டிஸ்க் ஒன்றில் வைத்திருக்கிறோம்.

மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. ராமைக் கூட்டுவதா, எஸ்எஸ்டி போடுவதா என்று கேட்டால், இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓடும் கணினிக்கு எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள் என்பேன். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் யாருக்காவது ஐஎஸ்ஓ வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வாங்க. கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி வரும், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைக் காலியாகக் கொண்டுவந்தால் போட்டுத் தருகிறேன்.