எச்சரிக்கை: அலாஸ்கா குடும்பக் குழுச் சுற்றுலாவில் தாளில் இருந்ததும் தரையில் கிடைத்ததும்

அமெரிக்காவில் வசிக்கும் சில தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாக்களையும் சின்னப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஜூன் மாதம் அலாஸ்கா போனார்கள். ஏற்பாடு செய்தது வாட்ஸ்அப் குழுக்களில் ஆள் சேர்க்கும் ஒரு டூர் நிறுவனம். பெயர் இங்கே வேண்டாம். இதே திட்டத்தை வேறு பெயர்களில் விற்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. பணத்தை வாங்கிக்கொண்டு யாரும் ஓடிவிடவில்லை. ஹோட்டல் இருந்தது, வேன் இருந்தது, காலையில் உப்புமாகூட இருந்தது. ஆனால் திட்டத் தாளின் எந்த வரியிலும் எத்தனை மைல், எத்தனை மணி நேரம், உண்மையில் நடத்துவது யார் என்ற மூன்றும் இல்லை. அந்த இடைவெளியில்தான் பணம் போயிருக்கிறது.

பெரிய இழப்பு டெனாலி மலை இருக்கும் தேசியப் பூங்காவில். தாளின் அட்டையில், ஏரித் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும் படம். அந்த மாதிரிப் படம் எடுப்பது வொண்டர் லேக் பக்கம், பூங்காச் சாலையின் 85-வது மைலில். பூங்காவுக்குள் இருப்பது ஒரே சாலை, 92 மைல். அதில் 45-வது மைலைத் தாண்டியதும் ப்ரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மலைச்சரிவு சாலையையும் இழுத்துக்கொண்டு கீழே நகர்கிறது. உள்ளே உறைந்துகிடந்த மண் இளகுவதுதான் காரணம். 2014-க்கு முன் ஆண்டுக்குச் சில அங்குலம் நகர்ந்தது, 2021 ஆகஸ்டில் மணிக்கு அரை அங்குலத்துக்கும் மேல் போனது. அந்த மாதமே சாலையை மூடினார்கள். அப்போதிருந்து பஸ்கள் 43-வது மைலில், ஈஸ்ட் ஃபோர்க் பாலத்தோடு திரும்புகின்றன. ஐல்சன் பார்வையாளர் மையம் 66-வது மைலில், கான்டிஷ்னா என்ற ஊர் இதே சாலையின் கடைசியில். இரண்டுக்கும் பஸ்ஸில் போக வழியில்லை. சரிவின் மேல் 475 அடி நீளப் பாலம் கட்டுகிறார்கள். அது முடிந்து பஸ் ஓடுகிறதா என்பதைத் தேசியப் பூங்காத் துறையின் தளத்தில் பார்த்துவிட்டு, பிறகு ஏஜென்ட் சொல்வதைக் கேளுங்கள். சாலை மூடிய பிறகும் பழைய தாளையே அச்சடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, 43-வது மைல் வரையாவது போனார்களா என்றால் அதுவும் இல்லை. தாளில் இருந்தது ‘டெனாலி பூங்கா பஸ் பயணம்’ என்ற நான்கே சொற்கள். அந்த நான்கு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வகை பஸ் அடங்கும். வழிகாட்டி பேசிக்கொண்டே வரும் டன்ட்ரா வில்டர்னஸ் டூர் 43-வது மைல் வரை போய்த் திரும்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அதே தூரம் போகும் டிரான்ஸிட் பஸ்ஸில் முறையான விளக்கவுரை கிடையாது, கட்டணம் டூர் பஸ்ஸில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு, நடுவில் எங்கும் இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். நேச்சுரல் ஹிஸ்டரி டூர் 30-வது மைல் அளவிலேயே திரும்பிவிடும். நான்காவது சாவேஜ் ரிவர் ஷட்டில், 15-வது மைல் வரை மட்டும். அதற்குக் கட்டணமே இல்லை, பூங்கா வாசலில் நிற்கும் எவரும் ஏறலாம். இந்தக் குழுவை ஏற்றியது நான்காவதில். சொந்தக் காரிலேயே போக அனுமதி உள்ள தூரம் அது.

மதியம் ‘பனிச்சறுக்கு நாய் காட்சி’ என்று இன்னொரு வரி. பூங்காவின் நாய்க்கொட்டிலில் ரேஞ்சர்கள் கோடையில் நடத்தும் விளக்கக் காட்சி அது, அதுவும் இலவசம். இரண்டையும் சேர்த்து ஒரு நாள் ‘பிரீமியம்’ என்று விலை போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் விலை. டிரான்ஸிட் பஸ்ஸில் 15 வயது வரை கட்டணம் கிடையாது. பூங்கா நுழைவுக் கட்டணமான 15 டாலரும் 16 வயது நிரம்பியவர்களுக்குத்தான்.

பஸ் உண்மையிலேயே புக் ஆகியிருக்கிறதா என்று ஊகிக்க ஒரு வழி: பிள்ளைகளின் வயதையும் எடையையும் கேட்டார்களா? அலாஸ்கா சட்டப்படி சின்னப் பிள்ளைகளுக்குக் கார் சீட்டோ பூஸ்டரோ வேண்டும், பூங்கா பஸ்ஸிலும் அப்படித்தான். அதைக் கொண்டுவரச் சொல்லாத ஏஜென்ட் அந்த பஸ்ஸைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பாடும் அப்படியே. டிரான்ஸிட் பஸ்ஸில் எதுவும் விற்க மாட்டார்கள், வழியிலும் கடை கிடையாது. ஐந்து மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சப்பாத்தியோ புளிசாதமோ ஒரு பொட்டலம், மழைச்சட்டை இவை இல்லாமல் பெரியவர்களை ஏற்றக்கூடாது.

மலை தெரியவில்லை என்பதற்கு மட்டும் யாரையும் குறை சொல்ல முடியாது. 20,310 அடி உயர மலை தன் மேகத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தெரியும் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். ‘மலை தரிசனம் உறுதி’ என்று தாளில் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது தங்குமிடம். ‘டெனாலி பகுதி லாட்ஜ்’ என்று போட்டிருந்தது. பூங்கா வாசல் பார்க்ஸ் ஹைவேயின் 237-வது மைலில் இருக்கிறது. டெனாலி மாநிலப் பூங்கா வேறு, தேசியப் பூங்கா வேறு. மாநிலப் பூங்கா நெடுஞ்சாலையில் நூறு மைல் தெற்கே தள்ளி இருக்கிறது, அங்கேயும் லாட்ஜ்கள் உண்டு, அங்கிருந்தும் மலை தெரியும், அங்கேயும் பெயர்ப் பலகையில் டெனாலிதான். டாக்கீட்னா என்ற ஊரில் தங்கினால் வாசலுக்கு 150 மைல். அங்கே தங்கி, பூங்காவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பினால் வேனிலேயே ஐந்தாறு மணி நேரம் கழியும். ஹோட்டல் பெயரும் நெடுஞ்சாலை மைல் எண்ணும் எழுத்தில் வேண்டும். 238, 239 என்றால் வாசலை ஒட்டியது. ஹீலி என்றால் வடக்கே பதினோரு மைல், அதுவும் பரவாயில்லை. கான்ட்வெல் என்றால் தெற்கே அரை மணி நேரம். ‘அல்லது அதற்கு நிகரான ஹோட்டல்’ என்ற வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் ‘வாசலிலிருந்து 15 மைலுக்குள்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

படகுப் பயணத்திலும் இதே கைவரிசை. சூவர்ட் துறைமுகத்திலிருந்து போகும் ‘பனியாற்றுப் படகு’ என்றால் எல்லோர் மனதிலும் வருவது, பனிச்சுவர் இடிந்து கடலில் விழும் காட்சி. அதைப் பார்க்கக் கீனாய் ஃபியோர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் ஐயாலிக் அல்லது ஹோல்கேட் பனியாறு வரை போக வேண்டும், அதற்குக் குறைந்தது ஆறு மணி நேரப் படகு. நார்த்வெஸ்டர்ன் ஃபியோர்டு என்றால் எட்டரை மணி நேரம். மூன்றரை, நான்கு மணி நேரப் படகுகள் ரெசரெக்ஷன் பே வளைகுடாவுக்குள்ளேயே சுற்றி வரும். கடல் நீர்நாய், பஃபின் பறவை, அதிர்ஷ்டமிருந்தால் திமிங்கிலம் எல்லாம் உண்டு, கடலில் இறங்கும் பனியாறு கிடையாது. பெரியவர்களுக்கும் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தச் சின்னப் படகுதான் உண்மையில் தோது, ஆறு மணி நேரப் படகு திறந்த கடலுக்குப் போகும், நன்றாக ஆட்டும். ஆனால் அதைச் சொல்லி, அதன் விலைக்கு விற்க வேண்டும். இவர்களிடம் பெரிய படகின் விலையை வாங்கிக்கொண்டு சின்னதில் ஏற்றிவிட்டு, ‘கடல் சரியில்லை’ என்றார்கள். அன்று பெரிய படகும் அதே துறையிலிருந்து கிளம்பியது.

விமானம் பற்றியது இன்னும் மோசம். டாக்கீட்னாவிலிருந்து சிறு விமானத்தில் மலையைச் சுற்றி, பனியாற்றில் இறங்கி ஏறுவது ஆளுக்குப் பல நூறு டாலர். வானிலை ஒத்துவராவிட்டால் விமானிகள் தயங்காமல் ரத்து செய்வார்கள், அது அவர்களுடைய நல்ல குணம். அப்படி அவர்களே ரத்து செய்தால் பணத்தைத் திருப்பிவிடுவதுதான் அங்கே வழக்கம். சுற்றிவந்து இறங்க முடியாமல் போனாலும் இறங்கும் கட்டணத்தைக் கழித்துவிடுவார்கள். ஆனால் திருப்பும் பணம் போய்ச் சேருவது புக் செய்தவர் கார்டுக்கு, அதாவது ஏஜென்டுக்கு. குழுவிடம் ‘வெதர் கேன்சல், நோ ரீஃபண்ட்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உங்களுக்கு இப்படி நடந்தால் புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தை நேரடியாகத் தொலைபேசியில் அழையுங்கள். எண் தர மறுக்கிறார்கள் என்றால் புக்கிங்கே நடக்காமலும் இருந்திருக்கலாம். சிறு விமானத்துக்கு ஒவ்வொருவர் உடல் எடையும் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும், எடையை வைத்துத்தான் யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்வார்கள். ஒருவரிடமும் எடை கேட்காமல் விமானப் பயணம் விற்றிருந்தால் சந்தேகப்படுங்கள்.

வடக்கே போகப் போகச் சொற்கள் இன்னும் தாராளமாகின்றன. ‘வட துருவம்’ என்று ஒரு வரி. நார்த் போல் என்பது ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு அருகே 14 மைலில் உள்ள ஒரு சின்ன ஊர், கிறிஸ்துமஸ் தாத்தா கடைக்குப் பேர்போனது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேகூட இல்லை. உண்மையான ஆர்க்டிக் வட்டப் பலகை டால்டன் ஹைவேயின் 115-வது மைலில், ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 200 மைல். பாதி சரளைக்கல் சாலை, எதிரே எண்ணெய் வயலுக்குப் போகும் பெரிய டிரக்குகள், போய்வர முழு நாளும் ஓடிவிடும். பெரும்பாலான வாடகைக் கார் நிறுவனங்கள் தங்கள் வண்டியை அந்தச் சாலையில் விடுவதில்லை. அதனால் ‘ஆர்க்டிக் அனுபவம், அரை நாள்’ என்று படித்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இவர்களை நிறுத்தியது ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே எட்டு மைலில் எண்ணெய்க் குழாய் தெரியும் ஒரு வாகன நிறுத்தத்தில்.

ஜூனில் துருவ ஒளி காட்டுவதாகச் சொன்னதைப் பற்றி என்ன எழுதுவது? ஃபேர்பேங்க்ஸில் ஜூன் 21 அன்று ஏறக்குறைய 22 மணி நேரம் சூரியன் இருக்கும், மீதி நேரமும் இருட்டாது. ஒளி தெரியும் பருவம் ஆகஸ்ட் 21 முதல் ஏப்ரல் 21 வரை என்று அந்த ஊரிலேயே கணக்கு வைத்திருக்கிறார்கள். ‘கரடி பார்த்தல்’ என்பதும் அப்படித்தான். அருவியில் சால்மன் பிடிக்கும் கரடியைப் பார்க்கக் கட்மாய் பூங்காவின் புரூக்ஸ் அருவிக்குப் போக வேண்டும். சாலையே கிடையாது, நீரில் இறங்கும் விமானத்திலோ படகிலோதான் போக முடியும். ஜூலையும் செப்டம்பரும்தான் நல்ல மாதங்கள். இவர்கள் பார்த்தது ஆங்கரேஜுக்கு வெளியே வேலிக்குள் வைத்துப் பராமரிக்கும் விலங்குகளை. அந்த இடம் நல்ல இடம்தான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். விலைதான் வேறு.

வண்டியைப் பற்றி ஒன்று. ஒரே நாளில் சூவர்ட் படகும் முடித்து, இரவே ஹீலிக்குப் போவதாகத் திட்டம். சூவர்ட்டிலிருந்து ஆங்கரேஜ் 127 மைல், அங்கிருந்து பூங்கா வாசல் 237 மைல். படகு கரைக்கு வந்த பிறகு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ஓட்டுநர்தான் வழிகாட்டி, அவர்தான் காலையில் உப்புமா கிண்டியவரும். சாலையில் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும் நாடு அது. ஓட்டுநரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ உட்காரும் வண்டிக்கு வணிக ஓட்டுநர் உரிமம் கட்டாயம். அதைத் தவிர்க்கவே 15 இருக்கை வேனில் 14 பேரையும் அவர்கள் பெட்டிகளையும் திணிக்கிறார்கள். வேனின் பதிவு யார் பெயரில், பயணிகளுக்கான காப்பீடு உண்டா, போக்குவரத்துத் துறை எண் என்ன என்று கேளுங்கள். வாடகை வேனைச் சொந்த வேன் போல் ஓட்டினால், விபத்தில் காப்பீடு கைவிரிக்க வாய்ப்பு அதிகம்.

பணம் கட்டும்போது: ஸெல், வென்மோ, நண்பருக்கு அனுப்புவது போன்ற பரிமாற்றம் எதுவும் வேண்டாம். ‘கார்டு என்றால் மூன்று சதவீதம் கூடுதல்’ என்றால் அந்த மூன்று சதவீதத்தைக் கட்டிவிடுங்கள். கலிபோர்னியா, ஃப்ளோரிடா, வாஷிங்டன், ஹவாய் மாநிலங்களில் பயணம் விற்பவர்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு மாநில அரசின் தளத்தில் சரிபாருங்கள். முன்பணத்துக்கு முன் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ஒவ்வொரு நாளுக்கும் எந்த பஸ், எந்த மைல் வரை, எத்தனை மணி நேரப் படகு, ரயிலில் எந்த வகுப்பு, எந்த ஹோட்டல், ரத்தானால் பணம் யாருக்கு. ரயிலைக் குறிப்பாகக் கேளுங்கள்: கண்ணாடிக் கூரைப் பெட்டியில் ஒதுக்கப்பட்ட இருக்கை கோல்ட்ஸ்டார் வகுப்பில்தான், அட்வெஞ்சர் வகுப்பில் பொதுவான மாடத்தில் முறை வைத்துக் கொஞ்ச நேரம் உட்காரலாம், அவ்வளவுதான். பதில் வாட்ஸ்அப் குரல் செய்தியாக வந்தால், அதை எழுதி மின்னஞ்சலில் திருப்பி அனுப்பி ‘சரிதானே?’ என்று கேட்டு வையுங்கள்.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் கவனிக்க: அமெரிக்கக் கிரெடிட் கார்டு என்றால் சட்டப்படி கட்டணம் வந்த அறிக்கையிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே பணம் கட்டியதால் அந்தக் காலம் தாண்டியிருந்தாலும், சேவை கிடைக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிடும் விதி கார்டு நிறுவனங்களிடம் உண்டு, எனவே வங்கியைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ‘டூர் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் தள்ளுபடியாகும். ‘விற்றது வேறு, கொடுத்தது வேறு’ என்று எழுதி, தாளின் அந்த வரி, உண்மையில் கிடைத்த பஸ்ஸின் அல்லது படகின் டிக்கெட், நடத்தியவர் தளத்தில் உள்ள விலை, ரத்தான விமானத்துக்கு நிறுவனம் பணம் திருப்பியதாகச் சொன்ன மின்னஞ்சல் ஆகியவற்றை இணையுங்கள். குடும்பத்துக்கு ஒரு மனு தனித்தனியாகப் போடுங்கள், அவரவர் கட்டிய தொகைக்கு மட்டும். படகு டிக்கெட்டின் அடிக்கட்டையில் புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும் அச்சாகியிருந்தால், அதைக் குப்பையில் போடும் முன் படம் பிடித்து வையுங்கள்.