வாயில் பாதுகாப்புச் செயலி: ஓராண்டுக்குப் பின்

பெருங்குடியில் எங்கள் அடுக்ககத்துக்கு இந்தச் செயலி வந்து ஓராண்டாகிறது. பராமரிப்புக் கட்டணம் கட்டலாம், தண்ணீர் லாரி வரும் நேரம் தெரியும். அவற்றில் குறையில்லை.

என் மனம் ஆறாதது வேறொன்றில். எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா கண்ணகி நகரிலிருந்து வருகிறார். கூவம் கரையில் பிறந்தவர். குடிசைகள் அகற்றப்பட்டபோது அங்கே அனுப்பப்பட்டவர். தினமும் வாயிலில் 6 இலக்க எண்ணை அழுத்துகிறார். அவர் வந்த நிமிடமும் போன நிமிடமும் என் கைப்பேசியில் பதிவாகின்றன. திரும்பும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். அவருக்கு நான் நட்சத்திரம் போடலாம், அவர் எனக்குப் போட வழியில்லை. முன்பு காவலாளிப் பெரியவர், "வாம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்டுத்தான் கதவைத் திறப்பார். இப்போது அவர் கண் திரையில்.

பணியாளர்கள் பின்பக்க லிப்டில் மட்டுமே ஏற வேண்டும் என்ற அறிவிப்பும் இதே செயலியில்தான் வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தேநீர்க் கடையின் தனிக் குவளைகளைப் பற்றிப் பாட்டி சொன்னபோது, அது முடிந்த காலம் என்றே நம்பினேன். குவளை போய் லிப்ட் வந்திருக்கிறது. இதை நாகரிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். வாங்க நினைக்கும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை: நட்சத்திர மதிப்பீட்டை நிர்வாகி நினைத்தால் அணைத்துவைக்கலாம். நிறுவும் நாளிலேயே கேளுங்கள். அதை அணைக்கக் கோரும் எங்கள் மனுவில் இதுவரை 11 கையெழுத்துகள்.