தூளிக்கு அடியில் என்ன போடுவது: ஹாமக்கில் நாலு குளிர்காலம்

2021 டிசம்பர். கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். பங்களா காம்பவுண்டுக்குள் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஹாமக், அதாவது பெரியவர்கள் படுக்கிற துணித் தூளியைக் கட்டிப் படுத்திருந்தேன். வெளியே கட்டத் தைரியம் இல்லை; அந்தப் பக்கம் கரடியும் காட்டுமாடும் சர்வசாதாரணம். ஸ்லீப்பிங் பேக் புதுசு, கனமானது, ஐந்து டிகிரி வரை தாங்கும் என்று உறையில் போட்டிருந்தது. பையில் தொங்கிய குட்டி தெர்மாமீட்டர் 11 காட்டியது. ஆறு டிகிரி கையிருப்பு இருக்கிறதே என்று நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

ஒன்றரை மணிக்கு முழித்துக்கொண்டேன். நெஞ்சில் வேர்வை, இடுப்புக்குக் கீழே ஐஸ் கட்டிமேல் உட்கார்ந்த மாதிரி விறைப்பு. புரண்டு படுத்தால் குளிரும் கூடவே புரண்டு வந்தது. ஸ்வெட்டரைப் போட்டேன், மேலே ரெயின்கோட்டைப் போர்த்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இறங்கிப்போய் வாட்ச்மேன் அண்ணனின் கணப்புச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையும் தொங்குகிற துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தூளியில புள்ளையப் போட்டா அடியில கம்பளிய மடிச்சுப் போடுவாங்கல்ல சார்? நீங்க இருக்கறதெல்லாத்தையும் மேல போத்திக்கிட்டீங்களே.”

உள்ளே போய் இரண்டு சணல் சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். மடித்து அடியில் போட்டுப் படுத்தேன். மீதி ராத்திரி தேயிலைத் தூசி வாசனையோடு நன்றாகவே தூங்கினேன். அப்புறம் நான் வாங்கிய, வெட்டிய, தைத்த எல்லாமே அந்த இரண்டு சாக்கின் வேலையைத்தான் செய்கின்றன.

விஷயம் இதுதான். ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கிற பஞ்சோ இறகோ சூடு தருவதில்லை. அதற்குள் சிக்கி நிற்கிற காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. நாம் மேலே படுத்ததும் முதுகுப் பக்கத்துப் பஞ்சு அப்பளமாக நசுங்கிவிடுகிறது. அங்கே காற்றும் இல்லை, காப்பும் இல்லை. உறையில் போட்டிருக்கிற வெப்பநிலைகூட, கீழே ஒரு மேட் இருக்கிறது என்று வைத்துச் சோதித்துப் போடுவதுதான். டென்ட்டில் படுத்தால் தரை கொஞ்ச நேரத்தில் நம் சூட்டை வாங்கி அடங்கும். ஹாமக்கில் அடியில் தரையே கிடையாது. நாம் சூடாக்கிய காற்றைப் பின்னால் வருகிற காற்று தள்ளிக்கொண்டு போகும், ராத்திரி முழுக்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற சரிவுகளில் 18 டிகிரியிலேயே எனக்கு இடுப்பு சில்லிட்டிருக்கிறது. வீட்டில் அதே 18 டிகிரிக்கு ஃபேன் போடுவேன்.

அடுத்த மாதமே மேட் தேட ஆரம்பித்தேன். தேடினால் எல்லா இடத்திலும் ஆர் வேல்யூ என்று ஓர் எண். சூடு கடக்க எவ்வளவு தடை இருக்கிறது என்பதன் அளவு அது. எண் கூடக் கூடக் காப்பு கூடும். முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் முறைப்படி சோதித்துத் தன் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. 2018இல் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொது முறை வந்தபிறகுதான் இரண்டு கம்பெனி எண்களை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. இன்னொரு நல்ல விஷயம், இந்த எண்ணைக் கூட்டலாம். 2 உள்ள மேட்டின்மேல் 4 உள்ளதைப் போட்டால் 6.

நான் எண்ணைப் பார்த்து மயங்கினேன். மடித்தால் தண்ணீர் பாட்டில் அளவு, எடை அரைக் கிலோவுக்குள், ஆர் வேல்யூ 4க்கு மேல் என்று ஒரு காற்று மெத்தை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. தரையில் அது அருமையான பொருள், இப்போதும் டென்ட்டுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். ஹாமக்கில் போட்ட முதல் ராத்திரி, வாளியில் போட்ட விரால் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டே இருந்தது. நைலான்மேல் நைலான், பிடிமானம் எங்கிருந்து வரும்? காலை நீட்டினால் மெத்தை தலைக்கு மேலே போய்விடும். ஒருக்களித்தால் ஓரமாக எழுந்து நின்றுகொண்டு என்னைக் கவிழ்க்கப் பார்க்கும்.

காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டால் வளைந்து கொடுக்கும் என்றார்கள். கொடுத்தது. ஆனால் காற்றை இறக்கினால் மெத்தையின் தடிமன் குறையும், தடிமன் குறைந்தால் காப்பும் குறையும். காசு கொடுத்து வாங்கிய எண்ணில் பாதியை நானே திறந்து வெளியே விட்ட மாதிரி. இதையெல்லாம்விடப் பெரிய குறை அகலம். சாதாரண மேட் 51 சென்டிமீட்டர் அகலம். தரையில் அது போதும், தோள் கொஞ்சம் வெளியே நின்றாலும் ஒன்றும் ஆகாது. ஹாமக்கில் துணி இரண்டு பக்கமும் எழுந்து வந்து தோளை அழுத்துகிறது. அழுத்துகிற இடத்தில் ஸ்லீப்பிங் பேக் நசுங்குகிறது. அங்கே மேட்டும் இல்லை. ஆக, முதுகு கதகதப்பாக இருக்க இரண்டு தோளும் விறைத்துப்போய்க் காலையில் சட்டை மாட்டக் கை தூக்க முடியாது.

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் அப்படி ஒரு காலை வந்தது. ஆர் வேல்யூ என்கிற எண் மேட்டின்மேல் இருக்கிற உடம்புக்கு மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஊர் திரும்பியதும் கோயம்புத்தூரில் சீட் கவர், மெத்தைச் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். ஃபோமில் இரண்டு சாதி உண்டு. ஸ்பாஞ்ச் மாதிரியானது தண்ணீரைக் குடிக்கும், நசுங்கும், நமக்கு உதவாது. இன்னொன்றில் குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருக்கும். தண்ணீர் ஏறாது, முள் குத்தினாலும் கவலை இல்லை. ஏசி டக்டில் சுற்றுகிறார்களே, எக்ஸ்எல்பிஇ என்கிற பிளாஸ்டிக் ஃபோம் ஷீட், அது இந்த இரண்டாம் சாதி.

“டக்டுக்குங்களா?”

“இல்லைங்க, படுக்கறதுக்கு.”

“படுக்கறதுக்குன்னா ஸ்பாஞ்சு எடுத்துக்கங்க, மெத்துன்னு இருக்கும்.”

மரத்தில் கட்டித் தொங்குவதை விளக்கப் போய் அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். 10 மில்லிமீட்டர் தடிமன், ஒரு மீட்டர் அகலம், 180 சென்டிமீட்டர் நீளம். வீட்டுத் தராசில் 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. விலை அந்தக் காற்று மெத்தையின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதை அப்படியே போடக்கூடாது. முதல் முறை அப்படித்தான் போட்டேன். நாலு மூலையும் மடங்கி முகத்தில் வந்து இடித்தன. இரண்டாம் முறை கத்தரித்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை முழு ஒரு மீட்டர் அகலம், முழங்காலுக்குக் கீழே 50 சென்டிமீட்டராகக் குறுகும், மூலைகள் எல்லாம் வளைவு. தரையில் விரித்தால் திருஷ்டிப் பொம்மை மாதிரி இருக்கும். வெட்டிய மிச்சத்தில் ஒரு துண்டை இடுப்புக்கு இரண்டாம் அடுக்காகப் போட்டேன். உடம்பு பாரம் அதிகம் இறங்குகிற இடம் அதுதான், முதலில் குளிர்வதும் அதுதான்.

வழுக்கலுக்கு மருந்து இரட்டைத் துணி ஹாமக். இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே மேட்டைச் செருகிவிட்டால் எங்கேயும் போகாது. என்னிடம் அப்போது இருந்தது ஒற்றைத் துணி. குடை ரிப்பேர் செய்கிற டெய்லரிடம் பழைய டென்ட் துணியைக் கொடுத்து அடியில் ஓர் உறை தைத்து வாங்கினேன். அவர் தையலைச் சும்மா ஓட்டிவிட்டார், இரண்டாவது பயணத்தில் ஒரு பக்கம் பிரிந்தது. அப்புறம் நானே ஊசி எடுத்தேன். இன்றுவரை பிரியவில்லை, பார்க்கத்தான் சகிக்காது.

ஹாமக்கை இழுத்துக் கட்டாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கயிறு முப்பது டிகிரி சாய்வில் தொய்ந்து நின்றால்தான் குறுக்காகப் படுக்க முடியும், குறுக்காகப் படுத்தால்தான் முதுகு நேராகும். மேட்டையும் அதே குறுக்குவாட்டத்தில் போட வேண்டும். நேராகப் போட்டுவிட்டுக் குறுக்கே படுத்தால் ஒரு தோளும் ஒரு காலும் வெளியே. இருட்டில் நான் எத்தனையோ முறை செய்த தப்பு.

இந்த ஃபோமில் இதுவரை முப்பது ராத்திரிக்கு மேல் படுத்திருக்கிறேன். கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு, கொடைக்கானல். எல்லாம் தனியார் தோட்டங்கள், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு போனவை. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையவே கூடாது. 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிய குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு அதில் இன்னும் கறார். நான் பார்த்த மிகக் குறைந்த அளவு 6 டிகிரி. அன்றைக்கு விடிகாலை நாலரைக்குக் கால் சில்லிட்டது. காலியான முதுகுப்பையைக் காலுக்கு அடியில் செருகினேன், அடங்கியது. 10 டிகிரிக்கு மேல் எந்த ராத்திரியும் எனக்குத் தொந்தரவு தரவில்லை. ஊட்டி உறைபனிக்கு இதை மட்டும் நம்பிப் போகமாட்டேன்.

குறைகள் உண்டு. மூடிய ஃபோம் ஆவியை விடாது. விடியும்போது முதுகு ஈரமாக ஒட்டும், 20 டிகிரி ராத்திரியில் அது குளிரைவிட எரிச்சல். மேலே ஒரு பழைய நாலு முழ வேட்டியை விரிக்கிறேன். முகாம்காரர்கள் பருத்தியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், ஈரம் காயாது என்று. எனக்குக் காலை வெயிலில் கிளையில் போட்டால் அரைமணியில் காய்ந்துவிடுகிறது. அடுத்த குறை பருமன். சுருட்டினால் வாழைத்தார் மாதிரி நிற்கும். பைக்கில் பின்னால் கட்டினால் காற்று பிடித்து வண்டியை ஆட்டும். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் “யோகா கிளாசுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நடுவில் கார் கண்ணாடிக்கு வைக்கிற வெள்ளிநிற மறைப்பையும் சோதித்தேன். எடையே இல்லை, விலையும் இல்லை. ஆனால் பளபளப்புப் பரப்பு சூட்டைத் திருப்பி அனுப்ப அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். முதுகோடு நசுங்கிக் கிடந்தால் அது வெறும் மெல்லிய ஃபோம். தவிர, ஒவ்வொரு அசைவுக்கும் சரசரவென்று முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற சத்தம். ஒரே ராத்திரியில் மூட்டை கட்டினேன்.

கடையில் வாங்குகிற மடிப்பு ஃபோம் மேட்டுகளும் கெட்டவை இல்லை. தெர்மரெஸ்ட் கம்பெனியின் இஸட் லைட் சோல் 410 கிராம், ஆர் வேல்யூ 2. என் நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார், அழகாக மடங்கும், வளைவுக்கும் ஒத்துப்போகும். அகலம் மட்டும் அதே 51. அவர் அதோடு தோளுக்கு இரண்டு தனித்துண்டு செருகிக்கொள்கிறார்.

அண்டர்குயில்ட் பற்றிக் கேட்பீர்கள். ஹாமக்குக்கு வெளியே, அடியில் தொங்குகிற ரஜாய் அது. நாம் அதன்மேல் படுப்பதில்லை என்பதால் நசுங்காது, முதுகு வேர்க்காது. இரண்டு ராத்திரி இரவல் வாங்கிப் படுத்தேன். சொகுசில் ஃபோம் அதன் பக்கத்தில் நிற்காது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எலாஸ்டிக்கைச் சரியாக இழுத்துவிடாமல் முதுகுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை இடைவெளி விட்டுவிட்டேன், காற்று அதற்குள் புகுந்து விளையாடியது. விலையைப் பார்த்தபிறகு, வருஷத்துக்கு எட்டு ராத்திரி படுக்கிற எனக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். நீங்கள் மாதாமாதம் போகிறவர் என்றால், அல்லது இமயமலைப் பக்கம் என்றால், யோசிக்காமல் அதையே வாங்குங்கள். மரம் கிடைக்காமல் தரையில் படுக்க நேர்ந்தால் அண்டர்குயில்ட் உதவாது, ஃபோம் உதவும். வால்பாறையில் எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. மழையில் பங்களா வராந்தாவில்தான் விடிந்தது.

போன மாதம் நூல் பிடித்து அளந்தேன். இடுப்புப் பகுதியில் 10 மில்லிமீட்டர் ஏழாகிவிட்டது, மற்ற இடங்களில் ஒன்பதுக்குக் குறையவில்லை. பரணில் போட்டதில் எலி ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. சரியென்று பழைய கடைக்கே போனேன். இந்த முறை 12 மில்லிமீட்டர், அகலம் 115 சென்டிமீட்டர் கேட்டேன். கடைக்காரர் என்னை மறக்கவில்லை.

“மரத்துல தொங்கறவர்ங்களா?” என்று கேட்டுக்கொண்டே ரோலை உருட்டினார்.