கேமராத் திரையில் பளிச், பிரிண்டில் மங்கல்: டர்பனில் குடும்பப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஈஸ்டர் விடுமுறையில் டர்பன் அருகே உள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவுக்காக ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன் என்று பல ஊர்களிலிருந்து வந்து கூடியிருந்தது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக் குடும்பம் ஒன்று. மூன்று தலைமுறையும் ஒன்றாக இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்துவிடலாம் என்று போட்டோகிராபர் ஒருவரை அமர்த்தினார்கள். பாதிப் பணம் அட்வான்ஸ். விடிந்ததும் உம்லாங்கா கடற்கரை, பிறகு டர்பன் தாவரவியல் பூங்கா. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் வேலை செய்த விதத்தைத்தான் எழுதுகிறோம், ஏனென்றால் அதே விதத்தில் வேலை செய்து காசு வாங்குகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் திரையை ஒரு தடவை பார்ப்பார், "சூப்பர்" என்பார், அடுத்த படத்துக்குப் போய்விடுவார். வீட்டு மகள் கேட்டபோது திரையை அவள் பக்கம் திருப்பியும் காட்டினார். முழுப் படம், அழகாகத்தான் இருந்தது. ஜூம் பட்டனை மட்டும் அவர் ஒரு தடவைகூடத் தொடவில்லை. சில வாரம் கழித்துப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. போனில் பார்க்கக் குறை ஒன்றும் தெரியவில்லை, மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள். ஹாலில் மாட்ட ஏ2 அளவில் பிரிண்ட் போடக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. லேபிலிருந்தே கூப்பிட்டு, "இந்த ஃபைல் ரொம்ப மங்கலாக இருக்கிறது, அப்படியே போடலாமா?" என்று கேட்டார்கள்.

போட்டோகிராபரைக் கேட்டால் மூன்று பதில் வந்தது. பெரிதாக்கினால் எல்லாப் படமும் அப்படித்தான். சாஃப்ட் லுக் என் ஸ்டைல். லேப்காரர் தப்பு. பலமுறை கேட்ட பிறகு ஒரிஜினல் ஃபைல்களைக் கொடுத்தார். அவற்றைத் திறந்து பார்த்தோம். மூன்று பதிலும் நிற்கவில்லை.

முதலில் அந்தத் திரை ஏன் ஏமாற்றுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். பத்து லட்சத்து நாற்பதாயிரம் புள்ளி என்று விளம்பரம் செய்யப்படும் கேமராத் திரையில் உண்மையில் இருப்பது 720-க்கு 480 பிக்சல்தான். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிப் புள்ளியாக எண்ணுவதால் அந்தக் கணக்கு வருகிறது. 24 மெகாபிக்சல் படமோ 6000-க்கு 4000. முழுப் படத்தையும் அந்தத் திரையில் காட்ட, எட்டு பிக்சலுக்கு மேல் அகலமுள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரே பிக்சலாக நசுக்கப்படுகிறது. நசுங்கினால் மங்கலும் கூர்மையாகத் தெரியும். போதாததற்கு, கேமரா காட்டும் முன்னோட்டத்தில் கேமராவே சேர்க்கும் கூடுதல் கூர்மை (பிக்சர் ஸ்டைல் ஷார்ப்னெஸ்) வேறு ஏற்றப்பட்டிருக்கும்.

பூங்காவில் எடுத்த குடும்பப் படத்தையே பார்ப்போம். முன்வரிசையில் நாற்காலியில் தாத்தாவும் பாட்டியும். பின்னால் முக்கால் மீட்டர் தள்ளி மகன்களும் மருமகள்களும் பேரனும் நிற்கிறார்கள். எக்ஸிஃப் (கேமரா ஒவ்வொரு ஃபைலிலும் தானாகப் பதியும் குறிப்பு) தகவல்படி 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, அதாவது லென்ஸின் துளை (அபர்ச்சர்) ரொம்ப அகலமாகத் திறந்திருக்கிறது; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும். ஃபிரேம் அகலத்தை வைத்துப் பார்த்தால் சுமார் ஆறு மீட்டர் தூரம். நூறு சதவீதத்தில், அதாவது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல் என்று பெரிதாக்கிப் பார்த்தால், பாட்டியின் அட்டிகையில் கல் கல்லாக எண்ணலாம். பின்னால் நிற்கும் பேரனின் கருவிழி விளிம்பு வெள்ளையில் கரைந்து கிடக்கிறது. காரணம் வெறும் கணக்கு. 85 மி.மீ., எஃப் 1.8, ஆறு மீட்டர் என்றால் ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னால் 26 செ.மீ., பின்னால் 28 செ.மீ. மட்டுமே ஷார்ப்பாக விழும். அதுவும் சிறிய பிரிண்டுக்கான பழைய அளவுகோல்படி. பெரிய பிரிண்டுக்கு அதைவிடக் குறைவு. அதே இடத்தில் எஃப் 5.6 வைத்திருந்தால் முன்னால் 70 செ.மீ.க்கு மேல், பின்னால் 95 செ.மீ.க்கு மேல் கிடைத்திருக்கும். ஃபோகஸை முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் வைத்து, பின்வரிசையை நாற்காலியின் முதுகை ஒட்டி நிற்கச் சொல்லியிருந்தால் எல்லா முகமும் தப்பியிருக்கும்.

பேரனின் முகத்தில் மங்கல் ஏறக்குறைய 12 பிக்சல் அகலத்துக்குப் பரவியிருக்கிறது. கேமராத் திரையில் அது ஒன்றரை பிக்சல், யார் கண்ணுக்கும் தெரியாது. ஏ2 பிரிண்டில் அதுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல், ஹாலுக்குள் நுழைகிற யார் கண்ணிலும் படும். "சூப்பர்" என்று சொன்னவரும் பார்த்த குடும்பமும் அந்த இடத்தில் ஒரே திரையைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஜூம் பட்டன் எதற்கு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியவர் ஒருவர்தான்.

கடற்கரைப் படங்களில் வேறு குறை. எந்த முகமும் ஷார்ப் இல்லை, வேறு எதுவும் ஷார்ப் இல்லை. வெள்ளை வேட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல ஒளி. ஃபைல்களை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தால் முதல் படங்களில் அது அதிகம், போகப் போகக் குறைகிறது. ஃபோகஸ் தவறினால் இப்படி ஆகாது. ஏசி காரிலிருந்து எடுத்த கேமராவைப் பையிலிருந்து நேராக டர்பன் கடற்காற்றில் நீட்டினால் லென்ஸின் முன்கண்ணாடியில் ஈரம் படிந்துவிடும். அது காயக் காயத்தான் படம் தெளிகிறது. குடும்பத்தைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தியிருக்கிறார். இங்கே சூரியன் கடலிலிருந்து எழுவதால் முழு வெளிச்சமும் நேராக லென்ஸுக்குள் வந்து அந்த ஈரத்தில் சிதறியிருக்கிறது. இதைத்தான் "ட்ரீமி லுக்" என்று விற்றார்.

இதற்குச் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. கடற்கரைக்கு வந்துசேர அரை மணி முன்பே காரில் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து, வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு எடுக்க வேண்டும். உள்கண்ணாடியில் ஈரம் படிந்தால் துடைத்துப் பயனில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். கடலோரத்தில் உப்புத் துளியும் சேரும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் உப்பும் மணலும் கண்ணாடிமேல் தேயும். முதலில் புளோயரால் ஊத வேண்டும், பிறகு மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு லென்ஸ் கிளீனர் விட்டுத் துடைக்க வேண்டும்.

மரநிழலில் ஓடிக்கொண்டிருந்த சின்னக் குழந்தையின் படங்கள் மூன்றாவது வகை. பின்னால் இருக்கும் மரப்பட்டையின் வரிகள் தெளிவாக இருக்கின்றன, குழந்தையின் முகம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. ஷட்டர் ஸ்பீட் 1/40 நொடி, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100. அபர்ச்சர் பிரையாரிட்டியில் (துளையை மட்டும் நாம் வைத்து, ஷட்டரைக் கேமராவிடம் விடும் முறை) விட்டுவிட்டு நிழலுக்குள் போனதால் கேமரா தானாக ஷட்டரை இறக்கிவிட்டது. லென்ஸிலோ கேமராவிலோ உள்ள ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தை மட்டும்தான் தாங்கும், குழந்தையின் ஓட்டத்தை நிறுத்தாது. ஐஎஸ்ஓ 1600 வைத்திருந்தால் அதே வெளிச்சத்தில் 1/640 கிடைத்திருக்கும். கொஞ்சம் கிரெயின் (பொடிப்பொடிப் புள்ளிகள்) வரும், முகம் முகமாக இருக்கும். நின்று போஸ் கொடுக்கிற பெரியவர்களுக்கு 1/200, ஓடுகிற பிள்ளைகளுக்கு 1/500 என்று ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டரைக் கட்டிப்போட்டுவிட்டால் இந்தத் தப்பே நடக்காது.

இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் யாரும் உங்களிடம் கதை சொல்ல முடியாது. கண் மங்கி, காது அல்லது கழுத்து நகை ஷார்ப்பாக இருந்தால் ஃபோகஸ் தவறு. பின்னணி உட்பட எல்லாமே ஒரே திசையில் இரட்டையாக இருந்தால் கை அசைவு. ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் போதவில்லை. எல்லாமே பால் படிந்தாற்போல இருந்தால் கண்ணாடியில் ஈரம், உப்பு அல்லது கைரேகை.

இத்தனையையும் நின்ற இடத்திலேயே பிடித்திருக்க முடியும் என்பதுதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல். வழி இதுதான். வீட்டிலேயே, பிளேபேக்கில் ஒரு பட்டனை அழுத்தினால் ஃபோகஸ் விழுந்த இடம் நேராக நூறு சதவீதத்தில் திறக்கும்படி மெனுவில் அமைத்துக்கொள்ள வேண்டும். இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்கிறது. ரா (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ஃபைல்) மட்டும் எடுத்தால் சில கேமராக்கள் உள்ளே ஒரு சிறிய ஜேபெக்கைத்தான் வைக்கும், அதை ஜூம் செய்தால் நல்ல படமும் மங்கலாகத் தெரியும். ரா கூடவே பெரிய அளவு ஜேபெக்கும் எடுக்க வேண்டும். வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் டயாப்டர் சக்கரத்தை, உள்ளே தெரியும் எழுத்துகள் கூர்மையாகும்வரை தன் கண்ணுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். பையிலேயே கிடந்து உருண்டு இது மாறிவிடுவது உண்டு.

இடத்தில், ஒவ்வொரு அமைப்புக்கும் முதல் இரண்டு படம் எடுத்ததும் ஆட்களை அசைய விடாமல் நிறுத்தி, நூறு சதவீதத்தில் கண்ணைப் பார்க்க வேண்டும். தனி ஆள் என்றால் கேமராவுக்கு அருகில் உள்ள கண். குழுவாக இருந்தால் முன்வரிசை இடக்கோடியில் தொடங்கி ஒவ்வொரு முகமாக நகர்ந்து பின்வரிசை வலக்கோடி வரைக்கும். கடைசி முகம்தான் முக்கியம், லென்ஸ்கள் ஓரத்தில்தான் பலவீனம். வெயிலில் திரை தெரியாது, அதனால் வியூஃபைண்டருக்குள்ளேயே பிளேபேக் பார்க்கலாம். டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில் பிளேபேக் வராது, அதற்குத் திரைமேல் வைத்துப் பார்க்கும் லூப் (வெளிச்சத்தை மறைக்கும் உருப்பெருக்கி) வேண்டும், இல்லையென்றால் கறுப்புத் துணி போதும். இருநூறு சதவீதத்துக்குப் போக வேண்டாம், அங்கே எல்லாமே மங்கல்தான். நூறில் நன்றாக ஃபோகஸ் ஆன கண் கூர்மையாகத்தான் இருக்கும், ஆகவே "எல்லாப் படமும் அப்படித்தான்" என்ற முதல் பதில் பொய். லென்ஸ், அபர்ச்சர், இடம், வெளிச்சம், வரிசை ஆகியவற்றில் எது மாறினாலும் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு முகத்துக்குச் சில நொடிதான் ஆகும்.

நம் வீட்டுப் படங்களில் இன்னொரு வம்பு உண்டு. நெற்றிச்சுட்டி, கல் மூக்குத்தி, மூக்குக்கண்ணாடி விளிம்பு, இவையெல்லாம் பளிச்சென்று இருப்பதால் ஆட்டோஃபோகஸ் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 85 மி.மீ., எஃப் 1.8, இரண்டு மீட்டரில் எடுத்தால் மொத்த ஆழமே ஆறு செ.மீ. மணப்பெண் படங்களில் இதை விசேஷமாகச் சோதிக்க வேண்டும். கண்ணின்மேல் பச்சைக் கட்டம் விழுந்துவிட்டது என்பது மட்டும் ஆதாரம் ஆகாது.

போனுக்கு வைஃபையில் அனுப்பிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. பல கேமரா ஆப்கள் 2 மெகாபிக்சல் நகலைத்தான் அனுப்பும். கேபிள் போட்டு லேப்டாப்பில் இறக்கிப் பார்ப்பதே பெரிய குழுப் படங்களுக்குச் சிறந்தது.

சின்ன ஃபைலாகக் கொடுப்பது மங்கலை மறைக்கும் பழைய வித்தை. நீளப் பக்கம் 1600 பிக்சல் உள்ள படத்தை ஏ3-யில் போட்டால் அங்குலத்துக்கு 97 பிக்சல்கூடத் தேறாது. நல்ல பிரிண்டுக்கு 300 வேண்டும், அதாவது 4961-க்கு 3508. முழு அளவு ஃபைல் கையில் வந்து, கணினியில் நூறு சதவீதத்தில் பார்க்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். "ஏஐ ஷார்ப்பனரில் சரி பண்ணித் தருகிறேன்" என்றாலும் கவனம். ஃபைலில் இல்லாத கண்ணை மென்பொருள் கற்பனையாக வரைகிறது. அந்தப் பேரனின் முகத்துக்கு அதைச் செய்துதான் அனுப்பினார், பல் வரிசையே மாறியிருந்தது.

அமர்த்தும்போதே ஒப்பந்தத்தில் சில வரி எழுதி வாங்குங்கள்: குழுப் படத்தில் எல்லா முகமும் நூறு சதவீதத்தில் ஷார்ப்பாக இருக்கும், அதை அந்த இடத்திலேயே வாடிக்கையாளரிடம் காட்டுவேன், முழு அளவு ஃபைல் தருவேன், இல்லையென்றால் திரும்ப எடுத்துத் தருவேன் அல்லது பணத்தில் ஒரு பகுதியைத் திருப்புவேன். தென்னாப்பிரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி (1978) காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவருக்கே. ஆனால் உரிமை இருப்பதாலேயே ஒரிஜினல் ஃபைல் கைக்கு வந்துவிடாது, அதனால் அதையும் எழுத்தில் வாங்க வேண்டும். எடுக்கும் நாளில் தயக்கமே வேண்டாம்: "தம்பி, இதை நூறு சதவீதத்துக்கு ஜூம் பண்ணி, பின்வரிசையில் கடைசியில் நிற்கிறவர் கண்ணைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: "பணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68, பிரிவு 54-இன்படி சேவை பொதுவாக எதிர்பார்க்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குறையைச் சரிசெய்யச் சொல்லவோ, விலையில் நியாயமான பகுதியைத் திரும்பக் கேட்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை ஒப்பந்த வரியால் பறிக்க முடியாது. ஒரிஜினல் ஃபைல்களை எக்ஸிஃப் அழியாமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், வாட்ஸ்அப் நகலில் அந்தத் தகவல் இருக்காது. நூறு சதவீதத்தில் முகங்களை வெட்டி எடுத்துப் பிரிண்ட் போட்டு, 14 நாள் தவணை கொடுத்து எழுத்தில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சிறு கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. 2019 முதல் 20,000 ரேண்டு வரையிலான வழக்கை அங்கே நீங்களே நடத்தலாம், வக்கீலுக்கு அங்கே இடமில்லை. சாட்ஸ்வர்த் குடும்பத்தின் கடிதம் போய்விட்டது. பேரனின் முகத்தை வெட்டி எடுத்த பிரிண்டும், கடற்கரைப் படங்களை நேர வரிசையில் அடுக்கிய ஒரு தாளும் அதனோடு இணைத்திருக்கிறார்கள்.