மதுரையில் தென் மாவட்டக் காலைச் சாப்பாடு: ஊர்ப் பயண அனுபவம்

மதுரையில் காலைப் பலகாரத்துக்குக் குறைவே இல்லை. மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் விடிவதற்குள் இட்லிக் கொப்பரை ஆவி விடத் தொடங்கும் இந்த ஊரில், காலைச் சாப்பாட்டை மட்டுமே நம்பி ஒரு புதிய உணவகம் நடக்கிறது என்பதும், அங்கே திருநெல்வேலிச் சொதியும் செட்டிநாட்டுக் கவுனி அரிசியும் கரிசல் காட்டுக் கம்பும் இதுவரை பார்க்காத சேர்க்கைகளில் பரிமாறப்படுகின்றன என்பதும் என் கவனத்தை ஈர்த்தன. விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது அம்மாவையும் கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். பிடித்துப்போனதால், புறப்படுவதற்கு முன் மறுபடியும் சென்றோம். குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் உணவகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். வைகைக்கு வடகரையில், பழைய வீடொன்றின் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் சாப்பாட்டுக் கூடமாக மாற்றி அமைத்த இடம் அது.

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. நான் பல ஆண்டுகளாக வசிப்பது அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டனுக்கு அருகில். அமெரிக்கத் தெற்கின் காலை உணவும் அடிப்படையில் உழைப்பவர்களின் உணவுதான்: மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்துக் காய்ச்சும் கிரிட்ஸ், மோரும் கொழுப்பும் சேர்த்துச் சுடும் பிஸ்கட், கடற்கரை மீனவர்கள் காலையில் உண்ட இறால். பெரிய உணவகங்கள் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் 1982இல் தொடங்கப்பட்ட க்ரூக்ஸ் கார்னர் உணவகத்தில் பில் நீல் என்ற சமையற்கலைஞர் இறாலையும் கிரிட்ஸையும் சேர்த்துப் பரிமாறி, அது நாடெங்கும் பேசப்பட்ட பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. அடுத்து, தானியத்தின் பக்கம் கவனம் திரும்பியது. வயல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிருந்த கரோலினா கோல்ட் என்ற நெல் 1980களில் மீட்கப்பட்டு மறுபடியும் பயிரானது. கிளென் ராபர்ட்ஸ் 1998இல் தொடங்கிய ஆன்சன் மில்ஸ், அந்த அரிசியையும், பழைய மக்காச்சோள வகைகளை அரைத்த நொய்யையும் சமையலறைகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அந்த நெல் வயல்களை உருவாக்கியவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் என்பதையும், அவர்கள் வழிவந்த கல்லா கீச்சி சமூகத்தின் கைப்பக்குவமே அந்தக் கடற்கரைச் சமையலின் உயிர் என்பதையும் இன்று அங்கே வெளிப்படையாகப் பேசுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு இணையான உழைப்பு நடந்திருக்கிறது. இயற்கை வேளாண்மையை வலியுறுத்திய நம்மாழ்வாரின் வழியில் வந்த நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டார். திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் விவசாயிகளுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு அதை நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பா போன்ற அரிசிகள் இன்று நகரத்துக் கடைகளில் கிடைப்பதில் அவரைப் போன்றவர்களின் பங்கு மிகப் பெரிது. அந்த அரிசி உணவகச் சமையலறைக்குள் நுழைந்து நிலைத்தால்தான் அதை விதைப்பவருக்குத் தொடர்ந்து விலை கிடைக்கும். எனவே இந்த உணவகத்தை நான் ருசிக்காக மட்டும் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் சிறந்தது கவுனி அரிசி ஆப்பமும் சொதியும். திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில், சோற்றோடும் இஞ்சிப் பச்சடியோடும் மதியத்தில் பரிமாறப்படுவது சொதி. அதைக் காலைக்கு நகர்த்தி, கருஞ்சிவப்பான ஆப்பத்தோடு சேர்த்திருக்கிறார்கள். மாற்றியது அவ்வளவுதான், பக்குவத்தில் கை வைக்கவில்லை. பாசிப்பருப்பு குழைய வெந்து, தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் வெந்த பிறகு, கெட்டியான முதல் பால் கடைசியாகச் சேர்ந்து, கொதி வருமுன் அடுப்பிலிருந்து இறங்கியிருக்கிறது. கொதிக்க விட்டிருந்தால் பால் திரிந்திருக்கும். கவுனியோ ஆப்பத்துக்கு எளிதில் இணங்கும் அரிசி அல்ல. தவிடு நீக்காத அரிசியாதலால் இரவு முழுவதும் ஊற வேண்டும். அதை மட்டும் அரைத்து ஊற்றினால் பிசுபிசுப்பு போகாது. பச்சரிசியோடு அளவறிந்து கலந்து, நன்றாகப் புளிக்க வைத்திருந்ததால், ஓரம் மொறுமொறுவென்றும் நடுப்பகுதி பஞ்சாகவும் வந்திருந்தது. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த அம்மா முதல் வாயிலேயே தலையசைத்தார்.

“இன்னும் ஒரு கரண்டி ஊத்தவாம்மா?” என்று பரிமாறிய இளைஞர் கேட்டார்.

“ஊத்துப்பா. எலுமிச்சம்பழம் எறக்கின பெறகுதான பிழிஞ்சீங்க?”

“ஆமாம்மா. அடுப்புல வச்சுப் பிழிஞ்சா கசந்துரும்னு உள்ள சமைக்கிற அக்கா சொல்லுவாங்க.”

பரிமாறுபவருக்கு இந்த அளவுக்குச் சமையல் தெரிந்திருப்பதை நான் இந்த உணவகத்தின் மிகப் பெரிய பலமாகக் கருதுகிறேன். பல இடங்களில் பட்டியலில் அழகான வருணனை இருக்கும். கேள்வி கேட்டால் “உள்ளே கேட்டுச் சொல்கிறேன்” என்று போகிறவர் திரும்ப மாட்டார். இங்கே எந்த அரிசி, எவ்வளவு நேரம் ஊறியது, எதில் காரம் அதிகம் என்று ஒவ்வொருவரும் தயக்கமின்றிச் சொன்னார்கள்.

கம்பு தோசையும் மனதுக்கு நிறைவாக இருந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி, பெயருக்குக் கொஞ்சம் மாவைத் தூவிய சிறுதானியப் பதார்த்தங்கள் பல உணவகங்களின் பட்டியலில் ஏறின. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் அரைத்து வைத்த மாவு விரைவில் சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும். பாக்கெட் மாவில் சுட்ட தோசையை வாயில் வைத்த உடனே அது தெரியும். இங்கே முழுக் கம்பை ஊறவைத்து, உளுந்தும் வெந்தயமும் சேர்த்து அன்றன்றைக்கு அரைக்கிறார்கள். மேலே வதக்கிய சின்ன வெங்காயமும் ராமநாதபுரம் குண்டு மிளகாய் விழுதும் மெல்லிய பூச்சாக இருந்தன. அந்த மிளகாயின் மணம் கம்பின் மண்வாசனையை அமுக்காமல் கூடவே நின்றது.

மாப்பிள்ளைச் சம்பாப் பழைய சோற்றை மண்சட்டியில் கெட்டித் தயிரோடும் உரித்த சின்ன வெங்காயத்தோடும் மோர் மிளகாயோடும் வைக்கிறார்கள். கூடவே கொடுக்கும் மாங்காய்த் தொக்குதான் அவர்கள் சேர்த்த புதுமை. இதற்கு 120 ரூபாயா என்று பக்கத்து மேசையில் ஒருவர் வியந்து கேட்டது காதில் விழுந்தது. எனக்கு அந்த விலை நியாயமாகவே படுகிறது. பாரம்பரிய நெல்லில் விளைச்சல் குறைவு, பயிர்க்காலம் நீளம், அரிசி வேகவும் நேரமாகும். முதல் நாள் வடித்து ஊறவைத்து மறுநாள் பரிமாறுவதற்கு இரண்டு நாள் கவனிப்பும் வேண்டும். இவ்வளவு வேலைக்கும் விலை கேட்பதில் தவறில்லை.

உளுந்தங்களியில்தான் அவர்கள் சறுக்கியிருக்கிறார்கள். தோலுளுந்து மாவும் கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டும் இந்தக் களி, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு இடுப்புக்கு வலு வேண்டும் என்று தென் மாவட்ட வீடுகளில் கொடுத்துவருவது. சுடச்சுடத் தட்டில் வைத்து, நடுவில் குழி பறித்து எண்ணெய் விட்டு உண்ண வேண்டிய அதை, ஆறவைத்துச் சதுரத் துண்டுகளாக வெட்டி, கன்னியாகுமரி மட்டிப் பழத்தோடு அடுக்கியிருந்தார்கள். கண்ணுக்கு அழகாக இருந்தது. ஆனால் ஆறிய களி இறுகிப்போய், எண்ணெய் தனியாகவும் மாவு தனியாகவும் நாவில் நின்றது. மகளுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. பால்கோவா வைத்த குழிப்பணியாரத்திலும் இதே வகைக் குறைதான்: ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா குழியின் சூட்டில் உருகி வெளியே வழிந்து கருகியதால் அடிப்பக்கம் கசந்தது. ஒரு பதார்த்தத்தை எந்த வேளையில் உண்பது, எதனோடு சேர்ப்பது என்பதை மாற்றியபோதெல்லாம் இவர்கள் வென்றிருக்கிறார்கள். அதன் சூட்டிலும் பக்குவத்திலும் கை வைத்தபோது உணவு கெட்டிருக்கிறது.

சேவையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு அது உணவைப் போலவே முக்கியம். வாட்ஸப்பில் செய்தி அனுப்பினால் வார நாட்களில் மேசை ஒதுக்கித் தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் நேரில் வந்து டோக்கன் வாங்க வேண்டும். நாங்கள் முதலில் சென்றது ஞாயிற்றுக்கிழமை. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வேப்பமர நிழலில் பெஞ்சு போட்டிருந்தார்கள், கேட்காமலே சீரகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஆனால் வயதானவர்களை முன்னதாக அமர்த்தும் வழக்கம் இல்லை. வாசற்படிகள் உயரமானவை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். பழைய வீட்டின் தோற்றத்தைக் காப்பது நல்லதே, ஆயினும் ஒரு கைப்பிடிக் கம்பியால் அந்தத் தோற்றம் கெட்டுவிடாது. உள்ளே பாய் விரித்த இருக்கைகளோடு நாற்காலி மேசைகளும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் டோக்கன் வாங்கும்போதே நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடலாம். கை கழுவும் இடமும் கழிப்பறையும் குறை சொல்ல முடியாத சுத்தத்தில் இருந்தன. சட்னியையும் சாம்பாரையும் மதுரை வழக்கப்படி கேட்கக் கேட்க ஊற்றினார்கள். பில்டர் காபி மட்டும் சாப்பாட்டுக்கு முன்பே வந்து ஆறிவிட்டது.

இரண்டு ஆப்பம் சொதி, ஒரு கம்பு தோசை, ஒரு பழைய சோறு, களி, பணியாரம், மூன்று காபி எல்லாம் சேர்ந்து 820 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டியோடு 861 ரூபாய். சேவைக் கட்டணம் என்று தனியாக எதுவும் பில்லில் சேர்க்கவில்லை. அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே நெறிமுறை வெளியிட்டிருப்பதை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. என் அமெரிக்க வங்கி அட்டையை அவர்களுடைய இயந்திரம் ஏற்கவில்லை, பணமாகக் கொடுத்தேன். வெளிநாட்டுக் கைபேசி எண்ணோடு இணைந்த, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளிலிருந்து யுபிஐ மூலம் பணம் செலுத்த அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், இங்கிலாந்து உள்ளிட்ட நாடுகளின் எண்களுக்கு இப்போது வழி இருக்கிறது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று புறப்படும் முன்பே உறுதி செய்துகொண்டால், சிறிய கடைகளிலும் சிரமம் இருக்காது.

மறுமுறை சென்றபோது, களியைச் சூடாகத் தர முடியுமா என்று அம்மா கேட்டார். சமையற்கட்டிலிருந்து அந்த அக்காவே வெளியே வந்து, பட்டியலில் இல்லாவிட்டாலும் கிண்டித் தருவதாகச் சொல்லி, சிறிது நேரத்தில் குழியில் நல்லெண்ணெய் தளும்பக் கொண்டுவந்து வைத்தார். அது முற்றிலும் வேறு உணவாக இருந்தது. சூடான களியையே பட்டியலில் சேர்க்கும்படி கருத்துப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தோம்; அதுவரை, செல்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆப்ப மாவு ஒன்பதரை மணிக்குள் தீர்ந்துவிடுகிறது, பழைய சோறு அதற்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது. எட்டு மணிக்கு முன் சென்றால் இரண்டும் கிடைக்கும்.